செம்மண் நெடுஞ்சாலையில் ஒரு வளைகாப்பு

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவள் என்று தெரிந்தால் போதும், அம்பத்தூரில் ஆளாளுக்குக் கங்காருவைப் பற்றிக் கேட்கிறார்கள். பார்த்தேன். செத்துக் கிடந்தது நிறைய, உயிரோடு கொஞ்சம். கடலோரத்துப் பெரிய கட்டடங்கள், பாலம், அதெல்லாம் எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் போனது அந்த நாட்டின் நட்டநடுவில், முன்னும் பின்னும் ஊரே இல்லாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற ஒரு பெட்ரோல் பங்குக்கு. ஒரு மாதமும் அங்கேதான் இருந்தேன். பெட்ரோல் பங்க் பார்க்கவா விமானம் ஏறினாய் என்று கம்பெனியில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் தங்கை வசந்தி அங்கே இருந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். அவள் புருஷன் தாமு ஆவடியில் டீசல் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, தொண்ணூறுகளின் நடுவில் கடல் தாண்டியவர். அந்தப் பங்கில் நிற்கிற லாரிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. வசந்திக்கு ஏழு மாதம். இதற்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாதமே கலைந்துவிட்டதால், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரமுடியாத பெண்ணுக்கு வளைகாப்பாவது நடந்தாகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அம்மாவுக்கு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். ஆகவே நான் கிளம்பினேன்.

பெட்டி கட்டும்போதே அம்மா சட்டமும் கட்டினாள்.

"இத பாரு கஸ்தூரி, ஆக்கிப் போடு, தல வாரி உடு, இன்னா வேணா செய். வளையல மட்டும் நீ போடாத. அந்த ஊர்ல ஒரு தமிழ்ப் பொம்பள கீறாளாம். அவளாண்ட குட்து போடச் சொல்லு."

என் புருஷன் மஞ்சள் காமாலையில் போய் ஆறேழு வருஷம் ஆகிறது. எனக்குப் பிள்ளையும் இல்லை. எங்கள் தெருவில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் ஐந்து வகை சாதத்தையும் கிளறுவது நான்தான். கிளறி முடித்ததும் சமையலறை வாசலோடு என் எல்லை முடிந்துவிடும். நான் பிசைந்த புளிசாதத்தை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்பார்கள். அதே கை வளையல் போட மட்டும் ஆகாது. இந்தக் கணக்கு எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை, புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். என் 'பார்க்கிறேன்' எப்படிப்பட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் வசந்தியிடம் தனியாகவும் சொல்லிவைத்தாள். அந்தத் தமிழ்ப் பெண்ணுக்குப் புருஷன் இருக்கிறாரா, பிள்ளை இருக்கிறதா என்று துருவித் துருவி விசாரித்து, இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியானாள்.

வளையல் வாங்கப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாய் கடைக்கு, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அம்மாவும் கூட வர, போனோம். அம்மா, வசந்தியின் கல்யாணத்துக்கு வாங்கிய அதே அளவைச் சொன்னாள். சிவப்பும் பச்சையுமாக எடுத்து, பாய் ஒவ்வொரு டஜனையும் பஞ்சில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, ஒரு தகர டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார். விமானத்தில் போகிற முதல் வளையல் தன் கடையில் இதுதான் என்று அவருக்குச் சந்தோஷம்.

அந்த ஊர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து மேசைமேல் கொட்டிவிட்டார்கள். வெற்றிலை குப்பைக்குப் போயிற்று. கறிவேப்பிலை போயிற்று. மாங்கொட்டை வற்றலை மோந்து பார்த்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ வெடிகுண்டு கொண்டுவந்தவள் மாதிரி. அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் பாட்டிலுக்காக மட்டும் நான் நகராமல் நின்றேன். எனக்கு வருவது அம்பத்தூர் தொழிற்பேட்டை இங்கிலீஷ்: ஓகே, ரிஜெக்ட், ரீவொர்க், அர்ஜென்ட். கம்பெனியில் போல்ட், நட்டை அளந்து பார்த்துத் தள்ளுகிற வேலை எனக்கு, அதற்கு இவ்வளவு போதும். பாட்டிலைக் காட்டி "ஓகே, ஓகே" என்று நான் விடாமல் சொல்லவும், அவர் அலுத்துப்போய் அதை என் பக்கம் தள்ளினார். டப்பாவைத் திறந்து வளையல்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இவ்வளவும் ஒரே ஆளுக்கா, அந்தப் பெண்ணுக்கு எத்தனை கை என்று கேட்டாராம். பக்கத்திலிருந்த பஞ்சாபிக்காரர் இந்தியில் சொல்லி, எனக்கு அரைகுறையாக விளங்கியது.

அங்கிருந்து நெடுந்தூர பஸ். பகல் முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஒரே சிவப்பு. செம்மண் என்றால் நம் செங்குன்றம் பக்கத்து மண் இல்லை, குங்குமத்தைக் கொட்டி வைத்த நிறம். நடுவில் ஓரிடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நம் பஸ் என்றால் கண்டக்டர் விசிலடிப்பார், டிரைவர் ஹாரனை மூன்று தரம் அழுத்துவார், போகிற மாதிரி வண்டியைக் கொஞ்சம் உருட்டிக் காட்டுவார், அதற்கப்புறம்தான் நாம் டம்ளரைக் கீழே வைப்போம். இங்கேயும் ஹாரன் அடிப்பார்கள் என்று நம்பி, நான் கையோடு கொண்டுபோன பிஸ்கட்டைச் சாவகாசமாகத் தின்றுகொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஹாரன் வரவேயில்லை. நிமிர்ந்து பார்த்தால் பஸ் முழுக்க ஆள் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது, டிரைவர் படியில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். ஓடினேன். அவர் ஏதோ சொன்னார். நானும் விடவில்லை, ஹாரன் எதுக்குய்யா வெச்சிகினு கீற, அழகுக்கா என்று தமிழிலேயே கேட்டுவிட்டு ஏறினேன். ரெண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது விளங்கவில்லை, அதனால் சண்டையும் வளரவில்லை.

ரோட்ஹவுஸ் என்கிறார்கள் அந்த இடத்தை. தகரக் கூரை, முன்னால் பெட்ரோலும் டீசலும் போடுகிற குழாய்கள், உள்ளே ஒரு சாப்பாட்டுக் கூடம், பின்னால் தங்குவதற்குத் தகர அறைகள், ஒரு ஜெனரேட்டர், உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. முடிந்தது ஊர். நம் வேலப்பன்சாவடிப் பக்கம் டிரங்க் ரோட்டில் லாரி நின்றால் டீக்கடை, பஞ்சர் கடை, பரோட்டா கடை, கோயில் உண்டியல் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். இங்கே அடுத்த டீ வேண்டுமென்றால் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். மூன்று வண்டிகளைக் கோத்த லாரிகள் வந்து நிற்கும்போது தரை அதிரும். ஒரு டிரைவரிடம் இதைப் பூந்தமல்லியில் திருப்ப முடியுமா என்று கேட்கவேண்டும்போல இருந்தது.

வசந்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகம் வீங்கி, கை வீங்கி, கால் வீங்கி நின்றாள். பின்னாலேயே பங்குக்கு முதலாளியம்மா வந்தாள். பேர் பெவ். அறுபது வயதிருக்கும். அரைக்கால் சட்டை, உதட்டில் சிவப்பு, விரலில் மோதிரங்கள். வந்ததும் வராததுமாக வசந்தியின் வயிற்றில் கை வைத்துத் தடவி, உள்ளே இருக்கிறவருக்குப் பெரியம்மா வந்தாச்சு என்று இங்கிலீஷில் சொன்னாளாம், வசந்திதான் எனக்குத் தமிழில் சொன்னாள். தினமும் காலையில் இப்படி வயிற்றைத் தடவிவிட்டுத்தான் கடையைத் திறப்பாளாம். பெவ்வின் புருஷன் செத்துப் பல வருஷம் என்பதை மறுநாள் தாமு பேச்சுவாக்கில் சொன்னார். நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொட்டிக்கு நடுவில் இறைச்சி வைத்து, அதன்மேல் பொரித்த முட்டை வைத்து, அதற்கும் மேல் ஒரு துண்டு பீட்ரூட். பீட்ரூட்டைப் பொரியல் பண்ணத் தெரியாதவர்கள் அதை எங்கேயாவது ஒளித்துவைக்கத்தானே வேண்டும். ரொட்டியில் தடவுகிற கறுப்புப் பசை ஒன்று உண்டு, உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. காரமில்லாத ஊறுகாய் என்று நினைத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன், குற்றமில்லை. டீ மட்டும் அநியாயம். ஒரு பெரிய கோப்பை வெந்நீரில் ஒரு பொட்டலத்தை முக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஈக்கள் இன்னொரு தொல்லை. கண்ணிலும் மூக்கிலும்தான் வந்து உட்காரும். எல்லாரும் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டேதான் பேசுகிறார்கள். நான் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டேன். தலையில் வலைபோட்ட தொப்பி மாட்டிய ஒரு லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் துணி என் தொப்பியைவிட மேல் என்றாராம்.

சாயங்காலங்களில் வெளியே நடப்பேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம், அதன் ஓரத்தில் ஆற்றின் பேர் போட்ட பலகை. எட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். நம் கூவம் பரவாயில்லை, கறுப்பாகவாவது ஓடுகிறது. ஆனால் அந்த மணலிலும் வெள்ளைவெளேரென்று பட்டையுரிந்த மரங்கள் நின்றன, தொட்டால் மாவு கையில் ஒட்டியது. மரம் நிறைய ரோஜா நிறமும் சாம்பல் நிறமுமாகக் கிளிகள். ஒரேயடியாகப் பறந்தால் வானமே திரும்பிப் படுத்த மாதிரி இருக்கும், சத்தமோ மார்க்கெட் சத்தம். புல் என்று நினைத்துக் கால் வைத்தால் அது ஊசி, புடவையைத் தாண்டிக் குத்தியது. ஆள் உயரத்துக்குச் செம்புற்றுகள். அங்கே யாரும் மஞ்சள் பூசுவதில்லை, முட்டை வைப்பதில்லை. ஒரு புற்றைச் சும்மா சுற்றிவந்தேன். தூரத்துப் பாறைகள் சூரியன் இறங்க இறங்க நிறம் மாறின. அத்தனை பெரிய இடத்தில், என்னை எங்கே நிற்கவேண்டும் என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தத் தமிழ்ப் பெண்ணின் பேர் சிவகாமி. இலங்கைத் தமிழச்சி. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை வானம் கறுத்தது. பெவ் வெளியே வந்து பார்த்துவிட்டு, இது வந்தால் சும்மா வராது என்றாள். வந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வெறும் மணலாகக் கிடந்த ஆறு பாலத்துக்கு மேலே சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது, பலகையின் தலை மட்டும் தெரிந்தது. ரெண்டு பக்கமும் ரோட்டை மூடிவிட்டார்கள். சிவகாமி கிளம்பவே முடியாது என்று போன் செய்தாள்.

அம்மா குறித்துக் கொடுத்த நாள் அது. வசந்தி காலையிலேயே தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, சமையற்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, வேற யாரும் இல்ல. நீயே போட்டு உட்டுடேன்."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது. இவளுக்குச் சோறூட்டினது இந்தக் கை, எண்ணெய் தேய்த்தது இந்தக் கை, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது இந்தக் கை. அந்தக் கைக்கு இப்போது அனுமதிச் சீட்டுக் கிடைக்கிறது, எதனால்? பாலத்தின்மேல் தண்ணீர் போவதால்.

"மாட்டேன்" என்றேன். "வேற ஆள் இல்லன்னு நீட்டறதுக்கு இது ஸ்டெப்னி டயர் இல்ல."

தினமும் பெவ் வயிற்றைத் தடவுகிறாளே, அவளுக்கும் புருஷன் இல்லையே, அப்போது எங்கே போயிற்று உங்கள் தோஷம் என்று கேட்டேன். அவங்க நம்ம ஆளுங்க இல்லையே அக்கா என்றாள் வசந்தி. அப்படியென்றால் சொந்தக்காரியாகப் பிறந்ததுதான் என் குற்றம் என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். வயிற்றுப்பிள்ளைக்காரியை அழவிட்டாயே என்று உள்ளுக்குள் ஒரு குரல் திட்டிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கிவருவதாக இல்லை.

ரோடு மூடியே கிடந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சீட்டாடினார்கள், தூங்கினார்கள், மறுபடி சீட்டாடினார்கள். ரொட்டி தீர்ந்தது, இறைச்சி குறைந்தது. கிடங்கில் மூட்டையாக அரிசி இருந்தது, யாரும் அதைச் சீந்துவதில்லை. அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பெவ்விடம் அனுமதி கேட்கவில்லை, அவளும் தடுக்கவில்லை. பின்கட்டில் ஒரு எலுமிச்சை மரம் காய்த்துத் தொங்கியது, எலுமிச்சை சாதம். பாக்கெட்டில் உலர்ந்த தேங்காய்த் துருவல் இருந்தது, தேங்காய் சாதம். புளிக்காய்ச்சல் கையில் இருந்தது. ஒரு லாரிக்காரர் புளிசாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார், மறு வாய் வைத்தார், தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தாமு அதை எனக்குச் சொல்லி, "அண்ணி, இங்கயே ஒரு மெஸ் போட்டுடலாம்" என்றார். நானும் வசந்தியும் அந்த நாட்களில் உப்பு வேண்டுமா, போர்வை வேண்டுமா என்பதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் எங்கிருந்துதான் வந்தனவோ, ஆற்றங்கரை முழுக்கத் தவளைகள் கத்தின. அத்தனை நாள் மண்ணுக்கடியிலேயே இருந்தனவாம்.

தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும் முதலில் வந்த கார் சிவகாமியுடையது. கண்ணாடி வரைக்கும் சேறு. வசந்தியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கழுத்தில் கனமாகத் தாலிக்கொடி, கையில் ஒரு டப்பா நிறையப் பலகாரம். நல்ல பெண். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் அக்காவா, வசந்தி போனில் உங்களைப் பற்றித்தான் கதைப்பாள் என்றாள்.

அன்று மத்தியானமே வைத்துக்கொண்டோம். மனைப்பலகைக்குப் பதில் பெவ்வின் நாற்காலி. அதன்மேல் நான் கொண்டுபோயிருந்த புதுப் புடவையை மடித்துப் போட்டோம். ஐந்து வகை சாதமும் மேசைமேல் வரிசையாக இருந்தன. சந்தனம், குங்குமம், தட்டில் வளையல். பெவ் கடைக் கதவில் ஏதோ எழுதித் தொங்கவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கிளம்பாமல் இருந்த ரெண்டு லாரிக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். நான் பழக்கதோஷத்தில் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

சிவகாமி ஒரு வளையலை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதை எந்தக் கையில முதல் போடுறது? எனக்கு இது ஒண்டும் தெரியாது அக்கா. எங்கட ஊரில இப்பிடிச் செய்யிறேல்லை. நீங்கள் சொல்லித் தாங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் உண்டா, பிள்ளை உண்டா என்று அம்பத்தூரிலிருந்து ஐ.எஸ்.டி. போட்டு விசாரித்தவர்கள், வளைகாப்பு என்றால் என்னவென்று தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாலி இருந்தால் எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு முடிவு. முதலில் ரெண்டு கைக்கும் சந்தனம் பூசு, வலது கையில் ஆரம்பி, ஒரு கைக்கு ஒன்று கூட வரவேண்டும் என்று நான் வாசலில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். சிவகாமி சந்தனம் பூசினாள். வளையலோடு குனிந்தாள். வசந்தி கையை மூடிப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க வா" என்றாள்.

இங்கிருந்தே சொல்கிறேனே என்றேன்.

"சொல்ல வேணாம். நீ போடு."

நான் அசையவில்லை. ரோடு திறந்தாயிற்று, ஆளும் வந்தாயிற்று, இப்போது எதற்கு நான் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இப்ப கேக்கறேன். அன்னிக்கு வேற ஆள் இல்லன்னு கேட்டேன், அது தப்பு. இன்னிக்கு ஆள் கீது. இருந்தும் நீதான் வேணும்."

"பயமா இல்லியா உனக்கு?"

"பயமாத்தான் கீது. போன தபா போனது இன்னும் கண்ணுலயே கீது. இருந்தாலும் நீ போடு."

பயமில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். வாசலை விட்டு வந்தேன். சிவகாமி வளையலை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவளுக்கு இதில் ஒரு பெரிய விஷயமும் தெரியவில்லை, மூத்தவள் போடுகிறாள், அவ்வளவுதான்.

முதல் வளையல் சிவப்பு. வீங்கின கையில் விரல் முட்டியைத் தாண்டமாட்டேன் என்றது. அம்மா சொன்னது கல்யாணத்தின்போது இருந்த அளவு. விரல்களைக் குவித்துப் பிடித்து, சந்தனத்தைக் கொஞ்சம் தடவி, மெல்ல அழுத்தினேன். பட்டென்று உடைந்தது.

வளைகாப்பில் முதல் வளையல் உடைந்தால் எங்கள் தெருவில் என்ன பேசுவார்கள் என்று அந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். வசந்தியின் முகம் வெளுத்தது. தாமு தலையைக் குனிந்துகொண்டார். பெவ் ஓடிப்போய்த் துடைப்பம் எடுத்துவந்தாள், கையைக் கிழித்ததா என்று கேட்டாள். உன்னால்தான், உன்னால்தான் என்று அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. நான் வசந்தியின் மணிக்கட்டை விடவில்லை.

"கண்ணாடி சின்னது, கை பெருசு. ஒடஞ்சுது. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, தாமுவிடம் சோப்புக் கேட்டேன். அவர் பட்டறையில் கிரீஸ் போவதற்கு வைத்திருந்த வழவழப்பான சோப்பைக் கொண்டுவந்தார். சோப்பைத் தடவி அடுத்த வளையலை ஏற்றினேன். ஏறியது. அதற்கடுத்தது. முழங்கைக்குப் பாதி வரைக்கும் சிவப்பும் பச்சையும். இடது கை முடிந்து வலது கைக்கு ஒன்று கூடுதலாகப் போட்டு நிமிர்ந்தபோதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வசந்தி கையைக் குலுக்கிப் பார்த்தாள். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள்.

வந்த பெண்களுக்கும் வளையல் கொடுப்பது முறை. சிவகாமி பச்சை கேட்டு வாங்கினாள். பெவ் சிவப்பு போட்டுக்கொண்டு, அதோடு போய் டீசல் ஊற்றினாள். வசந்தி என் கையை இழுத்து ரெண்டு கைக்கும் ரெண்டு ரெண்டாகப் போட்டுவிட்டாள். அவற்றோடுதான் ஊர் திரும்பினேன், அவற்றோடுதான் அம்பத்தூர் பஸ்ஸில் கம்பெனிக்குப் போனேன். ஏறிட்டுப் பார்த்தவர்களை நானும் ஏறிட்டுப் பார்த்தேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள். வசந்தியே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், உடைந்ததையும் சேர்த்து. அதற்குப் பிறகு அம்மா தினமும் கோயிலுக்குப் போனாள். என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பிரசவம் வரைக்கும் அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். யார் வீட்டுப் போன் அடித்தாலும் வாசலுக்கு ஓடுவேன். போல்ட்டை அளந்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அந்தச் சத்தம் கேட்கும். ஆனால் வளையலை மட்டும் நான் கழற்றவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று எதிர்வீட்டுப் போனுக்குத் தாமு சொன்னார். அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். வீட்டுக்குள் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படியோ தப்பிச்சுது, உன் கையால ஒண்ணும் ஆவல என்றாள். அதை அவள் மன்னிப்புக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு அது வேண்டாம்.

"கொயந்த நல்லா பொறந்துச்சுன்னு என்ன மன்னிச்சு உட்டுடாதம்மா" என்றேன். "வேற மாதிரி ஆயிருந்தாலும் அது என் கையால ஆயிருக்காது. அத்த சொல்லு மொதல்ல."

அம்மா சர்க்கரைத் தட்டைக் கீழே வைத்தாள். அதை அவள் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.